அப்பாவின் எடை

ஏப்ரல் 28, திங்கள்

இன்று முதல் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன். பிடிக்காததை விடமாட்டேன், நடக்காததைச் சேர்க்கமாட்டேன். தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்று. நூலகத்திலிருந்து எடுத்த நான்கு புத்தகங்களில் மூன்றைப் படித்துவிட்டேன். எழுத நேரம் இருக்கிறது.

என் பெயர் அபிராமி. ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போவேன். ஊர் ஒட்டன்சத்திரம். அப்பா குழந்தைவேலு காய்கறிச் சந்தையில் ஒரு மண்டியில் ஏலம் கூறுபவர். தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை கூறினால் சந்தையின் மறுகோடியில் டீ குடிக்கிறவருக்கும் கேட்கும். மைக் வாங்கித் தருகிறேன் என்ற முதலாளியிடம், "மைக்குக்குக் கரண்டு வேணும், எனக்கு ஒரு டீ போதும்" என்றாராம். பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரல் கரகரத்தது. சளி என்று மிளகுக் கஷாயம் குடித்தார். வெயிலில் கத்தியதால் என்று மோர் குடித்தார். பங்குனி முடிவதற்குள் பக்கத்தில் நின்றால்தான் கேட்டது.

தொண்டையில், குரல் பிறக்கும் இடத்தில், கட்டி. புற்றுநோய். வீட்டில் இதைத் 'தொண்டை விஷயம்' என்கிறார்கள். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் முழுப் பெயரையும் எழுதிவிட்டேன்.

இன்று திண்டுக்கல்லில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் மும்தாஜ் நல்ல செய்தி சொன்னார். கட்டி பரவவில்லை, அறுவை வேண்டாம், கதிர் சிகிச்சையிலேயே கரைந்துவிடும் என்றார். அம்மா உடனே எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். நாற்காலி சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குரல் வருமுங்களா?"

"கட்டிக்கு நான் பொறுப்பு. குரலுக்கு நீங்களும் சேர்ந்து பொறுப்பு. பேசக் கூடாது, நல்லா சாப்பிடணும், ஒரு நாளும் விடக் கூடாது" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு நூல் மில்லில் இவ்வளவு நாள் விடுப்பு தரமாட்டார்கள். அதனால் தினமும் அப்பாவோடு நான் போக வேண்டும். அப்பா சைகை காட்டுவார், நான் பேச வேண்டும். இனிமேல் அவருக்கு வாய் நான்.


ஏப்ரல் 30, புதன்

அப்பாவுக்கு முகமூடி செய்தார்கள். வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் சல்லடை மாதிரி ஓட்டைகள். வெந்நீரில் போட்டதும் தோசை மாவு போலத் தளர்ந்துவிட்டது. அதை முகத்திலும் கழுத்திலும் விரித்து அழுத்தினார்கள். ஆறியதும் அப்பாவின் மூக்கு, தாடை, குரல்வளை மேடு எல்லாம் அதில் பதிந்திருந்தன.

கருவியை இயக்கும் ஜெசிந்தா அக்காவிடம் நிறையக் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. முகமூடியைக் கட்டிலோடு சேர்த்து மாட்டிவிடுவார்களாம். அப்போதுதான் தலையும் கழுத்தும் தினமும் அதே இடத்தில், அசையாமல் இருக்கும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, சூடும் இருக்காது. எங்கே விழ வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அப்பாவின் கழுத்தை ஸ்கேன் எடுத்து முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

கழுத்தில் கத்தி படக் கூடாது என்பதால் அப்பா இனி சவரம் செய்யமாட்டார்.


மே 2, வெள்ளி

முதல் நாள். கருவி அறையின் கதவு எங்கள் வீட்டுச் சுவரைவிடத் தடிமன். அப்பாவை உள்ளே விட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெசிந்தா அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அப்பா படுத்திருக்க, பெரிய கருவி அவரைச் சுற்றி வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கருவி நின்ற பிறகுதான் தெரிந்தது. குளிர்சாதனம் அதிகம்.

வெளியே வந்த அப்பாவின் நெற்றியில் சல்லடைத் தடம். வலித்ததா என்று கேட்டேன். சந்தையில் அழுகிய காயை ஒதுக்குவாரே, அது மாதிரி கையை வீசினார்.


மே 5, திங்கள்

திங்கட்கிழமைகளில் எடை பார்ப்பார்கள். அப்பா அறுபத்து நான்கு கிலோ. ஜெசிந்தா அக்கா அட்டையில் குறித்துக்கொண்டார்.

காத்திருக்கும் இடத்தில் நத்தத்து லாரி டிரைவர் கருப்பணன் பழக்கமானார். தாடையில் நோய். அவர் முகமூடியும் அப்பாவுடையதும் ஒரே அலமாரியில் பெயர் ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. "எம் பொண்டாட்டி வந்து பாத்துட்டு, அலமாரியில இருக்குற மூஞ்சியே பரவால்ல, பதிலுக்குப் பேசாதுன்னுட்டா" என்றார். அப்பா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

அப்போது மூக்கில் மெல்லிய குழாய் மாட்டிய ஒருவரை உள்ளேயிருந்து அழைத்து வந்தார்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு அதன் வழியாகத்தான் கஞ்சி போகும் என்று கருப்பணன் மாமா சொன்னார். அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தம் போகும்வரை அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.


மே 9, வெள்ளி

எனக்குச் சட்டை இறுக்கமாகிவிட்டது. அம்மா மில்லுக்குப் போனதும் அப்பா தன் முட்டையையும் சத்துமாவுக் கஞ்சியில் பாதியையும் என் பக்கம் தள்ளிவிடுகிறார். நான் வளர்கிற பிள்ளை என்று சைகை காட்டுகிறார்.

சாயங்காலம் அம்மா நீண்ட நேரம் குளித்தாள். குழாய் முழுக்கத் திறந்திருந்தது. வெளியே வந்தபோது போன சேலையோடேயே வந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன்.


மே 12, திங்கள்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுவதாகச் சொன்னது சொன்னதுதான்.

காலையில் அப்பா கட்டிலுக்கடியில் இருந்த பழைய தராசுப் பெட்டியை இழுத்தார். சந்தை ஆட்கள் வேட்டிக்குள் கோடு போட்ட பட்டாப்பட்டி டவுசர் போடுவார்கள். பணம் வைக்க அதில் பெரிய பை இருக்கும். அப்பா ஒரு கிலோ எடைக்கல்லையும் அரைக் கிலோவையும் எடுத்து அந்தப் பையில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது நான் வாசலில் நின்றேன்.

போனில் தட்டிக் காட்டினார். 'அம்மாட்ட சொல்லாத. எடை கொறஞ்சா கொழாய் போட்ருவாங்க. கொழாய் உரசுனா கொரல் போயிரும்.'

"டாக்டர் அப்படிச் சொன்னாங்களாப்பா?"

அப்பா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் எடை அறுபத்து நான்கே காட்டியது. "வெரி குட்" என்றார் ஜெசிந்தா அக்கா. கருவி அறைக்குப் போகும்முன் அப்பா கழிப்பறைப் பக்கம் போய்க் கற்களை எடுத்து என் பையில் போட்டார். வீடு வந்ததும் பையைத் தூக்கிப் பார்த்த அம்மா என்ன இவ்வளவு கனம் என்றாள். நூலகப் புத்தகம் என்றேன். அது பொய்.


மே 14, புதன்

துணி துவைத்தேன். அப்பாவின் சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் சரிகிறது.


மே 19, திங்கள்

இன்று இரண்டு கிலோ கல்லும் ஒரு கிலோ கல்லும். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார், டவுசர் இறங்கிவிடாமல். தாடி வளர்ந்து கன்னத்தை மூடியிருக்கிறது, கழுத்தில் எப்போதும் துண்டு. எடை அறுபத்து நான்கு. கருப்பணன் மாமா, "என்னாண்ணே, கல்லு மாதிரி நிக்கிறீங்க, எனக்கு மட்டும் இறங்கிக்கிட்டே போகுது" என்றார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வரும்வரை அதே பக்கம்தான்.

மத்தியானம் அப்பா தண்ணீர் குடித்தார். ஒரு வாய் விழுங்கும்போது கால் விரல்கள் மடங்கின. நான் பார்ப்பதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.


மே 21, புதன்

கருவி ஓடவில்லை. கருவியில் பழுது இல்லை.

முகமூடியை மாட்டியதும் ஜெசிந்தா அக்கா அப்பாவைத் தலையை அசைக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே தலை அசைந்திருக்கிறது. அசையவே கூடாது. கழுத்துக்கும் முகமூடிக்கும் நடுவே அவர் விரல் நுழைந்ததாம். இன்று வேண்டாம், நாளை டாக்டர் பார்க்கட்டும் என்று எழுப்பிவிட்டார்.

நான் கேட்காமலே எனக்கு விளக்கினார். தப்பான இடத்தில் விழுந்தால் கட்டிக்குப் போக வேண்டியது பக்கத்தில் போய்விடும். பக்கத்தில் முதுகுத்தண்டு இருக்கிறது. "எடை இறங்குனா மாஸ்க் லூசாகும். உங்கப்பாவுக்குத்தான் இறங்கவே இல்லையே, அதான் புரியல" என்றார்.

ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று ஒரு நாள் விட்டுப்போயிற்று.

பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

தூசி இல்லை.


மே 22, வியாழன்

அம்மா விடுப்பு சொல்லிவிட்டு எங்களோடு வந்தாள். கிளம்பும்போதே அப்பா இடுப்பில் கை வைத்துத்தான் படியிறங்கினார். அவர் என்ன செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்தது.

டாக்டர் மும்தாஜ் முதலில் எடை பார்க்கச் சொன்னார். எடைக்கருவி காத்திருக்கும் இடத்தின் நடுவில்தான் இருக்கிறது. அப்பா ஏறினார். அறுபத்து நான்கு.

டாக்டர் அட்டையைப் புரட்டினார். ஆள் மெலியவில்லை, முகமூடிதான் கோணிவிட்டது போலிருக்கிறது, வேறொன்று செய்துகொள்வோம், கழுத்து அதே அளவுதான் என்பதால் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதில்லை, பழைய கணக்கிலேயே நாளைக்குத் தொடங்கிவிடலாம் என்று ஜெசிந்தா அக்காவிடம் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் விரலால் ஏதோ காட்டிவிட்டு, சொல்லு என்று என் பக்கம் திரும்பினார். 'சரிங்க, நாளைக்கே வர்றோம்' என்று நான் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கு பழைய கழுத்துக்குப் போட்டது. அந்தக் கழுத்து இப்போது இல்லை. அதை அங்கே இருந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அறிவோம், அதில் ஒருவரால் பேச முடியாது.

"அக்கா," என்றேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அப்பாவோட பட்டாப்பட்டியக் கழட்டிட்டு எடை போடுங்க."

கருப்பணன் மாமா குடித்துக்கொண்டிருந்த இளநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"அபி, என்னடி பேசுற?" என்றாள் அம்மா.

"டவுசர் பையில எடைக்கல்லு இருக்கு. மூணு வாரமா இருக்கு."

மூன்று வாரம் இல்லை, இது இரண்டாவது வாரம்தான். பதற்றத்தில் கூட்டிச் சொல்லிவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் எடைக்கருவி மேலேயே நின்றார். பிறகு வேட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டு கிலோ. ஒரு கிலோ. அரைக் கிலோ. முள் இறங்கி அறுபதுக்குச் சற்று மேலே நின்றது.

"அண்ணே, மண்டிக்காரன்னு நிரூபிச்சிட்டீங்க" என்றார் கருப்பணன் மாமா. யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அம்மா குனிந்து அந்த இரண்டு கிலோ கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அறைக்குள் டாக்டர் அப்பாவிடம் ஏன் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தானே போனில் தட்டிக் காட்டினார். டாக்டர் படித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து அந்தக் குழாயை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமன். அது உணவு போகும் வழியில் போகிறது, குரல் இருக்கும் வழி வேறு என்று படம் வரைந்து காட்டினார். அப்பா குழாயை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். விழுங்க வலிக்குதா?"

அப்பா தலையாட்டவில்லை. டாக்டர் காத்திருந்தார். கடைசியில் அப்பா தலையாட்டினார்.

"எவ்வளவு நாளா?"

இரண்டு விரல் காட்டினார். வாரமா என்று டாக்டர் கேட்டார். ஆமாம்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மருந்து கொடுத்திருப்பேன், குழந்தைவேலு. எடை இறங்கலைன்னதும் உங்களுக்கு வலியே இல்லைன்னு நெனச்சுட்டேன். உங்க கல்லு ஏமாத்துனது உங்களைத்தான்."

மரத்துப்போக வைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. சாப்பிடும் முன் வாயில் வைத்திருந்து மெதுவாக விழுங்கினால் அரைமணி நேரம் வலி தெரியாது. இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தது. அங்கேயே ஒரு மூடி கொடுத்தார்கள். கொஞ்சம் பொறுத்து ஜெசிந்தா அக்கா தன் டப்பாவிலிருந்து தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து நீட்டினார். அப்பா முதல் வாயை விழுங்கிவிட்டு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாய்க்குத் தானே கையை நீட்டினார். டப்பா காலியானது. அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லாமல் போனது.

புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. திங்கட்கிழமை தொடங்கலாம், விட்டுப்போன நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்துவிடலாம், கெட்டுப்போனது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். பழைய கணக்கில் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதுதான் நடக்கவில்லையே என்றார். திங்கள்வரை ஒழுங்காகச் சாப்பிட்டு எடை நின்றால் குழாயும் வேண்டாம்.


மே 23, வெள்ளி

அப்பா என்னோடு பேசவில்லை என்று எழுத நினைத்தேன். அவர் யாரோடும்தான் பேசுவதில்லை. ஆனால் சைகையும் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் தானே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

அம்மா தராசுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள். என்னிடம் புத்தகப் பையைத் தூக்கிக் காட்டி, "இதுல எத்தனை பக்கம்?" என்றாள். நான் அழுதேன். இதை எழுத எனக்கு விருப்பமில்லை.


மே 26, திங்கள்

எடை அறுபதரை. எடைக்கருவியில் ஏறும்முன் அப்பா வேட்டியை இரண்டு பக்கமும் தட்டிக் காட்டினார், போலீஸ் சோதனைக்கு நிற்கிற மாதிரி. ஜெசிந்தா அக்கா, "எனக்கு உங்க வாய் மேலதான் நம்பிக்கை" என்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டிய பிறகுதான் அட்டையில் எழுதினார். குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புது முகமூடியில் அப்பாவின் முகம் சிறியது. கழுத்துப் பக்கம் விரல் நுழையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிவதைப் பார்க்க இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் வெயில் என் பக்கம் அடித்தது. அப்பா எழுந்து என்னை நகரச் சொல்லிவிட்டு வெயில் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் வந்ததும் என் தோளைத் தட்டி டிக்கெட்டுக்குச் சொல்லச் சொன்னார். "ரெண்டு ஒட்டன்சத்திரம்" என்றேன்.


ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. அம்மா இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் அப்பாவோடு போகிறாள். எப்போது தூங்குகிறாள் என்று தெரியவில்லை. தமிழாசிரியை என்னிடம், போன வருஷம் ஓயாமல் பேசுவாயே, என்ன ஆயிற்று என்றார். கவனித்துக்கொண்டிருக்கிறேன் டீச்சர் என்றேன்.


ஜூன் 14, சனி

கடைசி நாள் என்பதால் நானும் போனேன். முகமூடியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்று கையை வீசினார். முந்தின வாரமே சிகிச்சை முடித்த கருப்பணன் மாமா தன்னுடையதைக் கொண்டுபோய் மிளகாய்ச் செடிக்கு நடுவே திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறாராம். காக்கா வருவதில்லை, பொண்டாட்டி மட்டும் வந்து பேசிவிட்டுப் போகிறாள் என்று போனில் சொன்னார்.

டாக்டர் எச்சரித்தார். முடிந்ததும் குரல் வந்துவிடாது, இன்னும் கொஞ்சம் மோசமாகக்கூடப் போகும், பிறகு மெதுவாகத்தான் தெரியும். வருமா என்று நான் கேட்டேன். அப்பா கேட்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நானாகக் கேட்டேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார்.


ஜூலை 9, புதன்

மண்டியில் வேறொருவர் ஏலம் கூறுகிறார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, போனில் தட்டினார். 'பரவால்ல. கத்திரிக்கா வெலை தப்பா விட்டான்.' சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட்டார். குரல் இல்லை. காற்று மட்டும் வருகிறது.


ஜூலை 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டாக்டர் மூக்கு வழியாகச் சிறிய காமிரா விட்டுப் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் கட்டி இல்லை. திரையில் அம்மாவுக்கும் காட்டினார். அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் ஒரு தரம் பார்த்தது போதாமல் இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். இனி மெதுவாகப் பேசிப் பழகலாம், தொண்டையை இறுக்காமல் சின்னச் சின்ன வார்த்தையாக என்று அனுப்பினார். அப்பா இரண்டு நாளாக முயலவில்லை. பயம் என்று நினைக்கிறேன்.

இன்று அம்மாவுக்கு ஷிப்ட் இல்லை. மத்தியானம் கறிக்குழம்பு. அப்பா காரம் குறைவாக, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். இரவு நான் வரலாற்றுப் பாடம் முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அப்பா உள்ளறையில் படுத்துவிட்டார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் புதிதாக வந்திருக்கும் புத்தகங்களைப் பற்றி எழுதலாம் என்று தொடங்கினேன்.

யாரோ தெருவில் தக்காளிப் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தேன். சத்தம் தெருவிலிருந்து வரவில்லை.

"அபி. எழுதுனது போதும். லைட்ட அணை, கண்ணு."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

நான் பதில் சொல்லவில்லை, எழவும் இல்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பழைய குரல் இல்லை. சந்தையின் மறுகோடிக்குக் கேட்காது. உள்ளறையிலிருந்து கூடத்துக்குக் கேட்டது.

"லைட்ட அணைன்னேன்ல."

அம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். நான் எழப்போகிறேனோ என்று நினைத்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். இருவரும் காத்திருந்தோம்.

மூன்றாம் தடவை என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். அதில் கோபம் இருந்தது.

இதற்கு மேல் உள்ளதைத் திங்கட்கிழமை காலையில் எழுதுகிறேன். விளக்கை அணைக்கிறேன்.